வெள்ளவத்தையிலேதான் வேண்டுமா?

கொழும்பில் வாடகைக்கோ விலைக்கோ வீடு தேடும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் குடும்பங்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் காணி வாங்குவது இலேசான காரியமல்ல. கோண்டாவிலில் இரண்டு பரப்பு என்றாலும் நீங்கள் முதலில் கிணற்றை எட்டிப் பார்ப்பீர்கள். ஒரு வாளி அள்ளி வாயில் வைத்து நன்னீரா சவரா என்று அறிவீர்கள். ஒழுங்கையில் லொறி திரும்புமா, மாரியில் வெள்ளம் எந்தப் பக்கம் ஓடும், கிணற்றில் யார் யாருக்குப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை உறுதியில் எழுதியிருக்கிறதா, அயலட்டை எப்படி என்றெல்லாம் விசாரிப்பீர்கள். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையின் முன்கொள்வனவு உரிமை இன்னும் உயிரோடிருப்பதால், விற்பவரின் பங்காளிகள் கனடாவில் இருந்தாலும் தேடிப் பிடித்துச் சம்மதம் கேட்பீர்கள். அதே குடும்பம் கொழும்பில் வீடு தேடும்போது தரகரிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்கிறது: வெள்ளவத்தையில் இருக்கா?

அந்த ஒற்றைக் கேள்விக்காக நீங்கள் மாதாமாதம் கட்டும் பணத்தைப் பற்றியது இம்மடல்.

வெள்ளவத்தை வெறும் பெயருக்காக விலை ஏறிய இடமல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். சிங்களத்தில் மணல் தோட்டம் என்று பொருள்படும் அந்தக் கடலோரப் பகுதி, போர்க்காலத்தில் வடக்கிலிருந்து போனவர்களுக்கு ஊரின் ஒரு துண்டாக இருந்தது. 1983 ஜூலையில் அங்கே தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. போனவர்கள் போக, பிறகும் அங்கேயே மக்கள் திரும்பி வந்து சேர்ந்ததற்குக் காரணம், பயமான காலத்தில் ஆள் கூட்டம்தான் ஆறுதல் என்பது. பொலிஸ் பதிவுக்கு முகவரி வேண்டும். விசாவுக்குக் காத்திருக்க லொட்ஜ் வேண்டும். வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்கக் கடை வேண்டும். சிங்களம் தெரியாத அம்மாவுக்குத் தமிழ் பேசும் மருந்துக்கடைக்காரர் வேண்டும். இவையெல்லாம் ஒரே வீதியில் கிடைத்தன. அந்த ஆறுதலும் முழுமையானதாக இருக்கவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியா உள்ளிட்ட வடக்கு, கிழக்குப் பகுதிகளுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே அது நின்றது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பெற்றோர் வாடகையைக் கணக்குப் பார்க்காமல் வெள்ளவத்தையைத் தேடியதை யாரும் பிழை சொல்ல முடியாது.

இன்றைக்கும் அந்தப் பகுதிக்கு உண்மையான பெறுமதி இருக்கிறது. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் 57ஆவது ஒழுங்கையில் இருக்கிறது. ராமகிருஷ்ண மிஷனும் சைவ மங்கையர் வித்தியாலயமும் நடை தூரம். பக்கத்துப் பம்பலப்பிட்டியில் கதிரேசன் கோயில்களும் இந்துக் கல்லூரியும் உள்ளன. ஒடியல் மாவும் பனங்கட்டியும் முருங்கைக்காயும் தேடி அலைய வேண்டியதில்லை. ஊருக்குப் போகும் இரவு பஸ் காலி வீதியில் வீட்டு வாசலுக்குக் கிட்டவே நிற்கும். மூட்டுவலியோடு பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் அம்மம்மாவுக்கு இதெல்லாம் சிறிய விடயமல்ல. அந்தப் பெறுமதி உங்களுக்கு எவ்வளவு தேவை, அதற்கு எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பதே இங்கே பேச்சு.

நிலைமை மாறிவிட்டது. யாழ்தேவி 1990இல் நின்றுபோய், 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. கடவுச்சீட்டுக்காகக் கொழும்பில் நாட்கணக்காகத் தங்கிய நிலை, 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் அலுவலகம் திறந்த பிறகு பெருமளவு தளர்ந்துவிட்டது. லொட்ஜ் வாழ்க்கை முடிந்துவிட்டது. இன்று நீங்கள் கொழும்பில் வீடு தேடுவது பிள்ளையின் பல்கலைக்கழகத்துக்காக, வேலைக்காக, வைத்தியத்துக்காக, அல்லது வெளிநாட்டுப் பணத்தை எங்காவது போட்டுவைப்பதற்காக. காரணங்கள் பலவாகப் பிரிந்த பிறகும் போகும் இடம் ஒன்றாகவே இருக்கிறது. வீட்டுக்காரருக்கும் தரகருக்கும் இது நன்றாகத் தெரியும். எவ்வளவு சொன்னாலும் வேறிடம் போகமாட்டார்கள் என்று தெரிந்த வாடிக்கையாளரிடம் யார் விலை குறைப்பார்கள்?

இதில் சீதனத்தின் பங்கையும் மறைக்கக்கூடாது. கல்யாணப் பேச்சில் “கொழும்பில் ஒரு பிளாட்” என்பது நகை, காசு, வளவு ஆகியவற்றோடு சேர்ந்து எழுதப்படும் ஒரு வரியாகிவிட்டது. அந்த வரியில் வெள்ளவத்தை என்று இருந்தால்தான் மதிப்பு. மாப்பிள்ளை மெல்பேர்னிலும் பெண் அவரோடும் இருக்க, வீடு பூட்டிக் கிடக்கும். அல்லது இன்னொரு யாழ்ப்பாணக் குடும்பத்துக்கு உச்ச வாடகைக்குப் போகும். 1,000 சதுர அடி பிளாட் என்பது நான்கு பேர்ச்சுக்கும் குறைவு, அதாவது ஒரு பரப்பில் பாதிகூட இல்லை. அதுவும் நிலமல்ல, ஒரு தளம். அதற்காக ஊரில் எத்தனை பரப்பு கைமாறுகிறது என்பதை உங்கள் குடும்ப உறுதிகளை எடுத்துப் பார்த்தால் தெரியும்.

வாடகை வேறு, வாடகை வீட்டுக்கு ஆகும் மொத்தச் செலவு வேறு. விளம்பரத்தில் போடும் தொகையோடு சேரும் செலவுகளில் பெரியது முற்பணம். ஆறு மாத, ஒரு வருட வாடகையை முன்கூட்டிக் கேட்பது கொழும்பில் வழக்கம். அந்தப் பணம் பெரும்பாலும் நகை அடகிலிருந்தோ வெளிநாட்டுச் சகோதரத்திடமிருந்தோ வருகிறது. இரண்டுக்கும் ஒரு விலை உண்டு. அடுத்தது மின்சாரம். இலங்கையில் வீட்டு மின்கட்டணம் அலகு கூடக் கூட, அலகின் விலையும் ஏறும் முறையில் அமைந்தது. வீட்டுக்காரரின் மின்மானியிலேயே ஓடும் அனெக்ஸில் இருந்தால், நீங்கள் பாவிக்கும் அலகுகள் அவருடைய அலகுகளின் மேல் ஏறி உச்ச விலைக்குப் போய்விடும். தனி மின்மானி உள்ள வீட்டுக்கு இரண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் ஆதாயமாக இருப்பது அதனால்தான். மாடிக் குடியிருப்பென்றால் லிப்ற், ஜெனரேற்றர், காவல், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் மாதாந்தப் பராமரிப்புப் பணம் உண்டு. தரகர் கூலி இருக்கிறது. பிறகு போக்குவரத்து, அதற்குப் பிறகு, யாரும் எழுதாத நேரம்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. தொகைகள் கற்பனையானவை, உங்கள் தொகைகளைப் போட்டுப் பாருங்கள். மகள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுபெத்தைக்குப் போக வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கு வாடகை 95,000 ரூபாய், வீடு விடும்போது திருப்பித் தரும் முற்பணம் ஒரு வருட வாடகை, அதாவது 11,40,000. அந்தப் பணத்துக்கு மாதம் 1 வீதம் வட்டி போட்டால் 11,400. ஆக மாதம் 1,06,400. கல்கிசையில் ஒரு வீட்டுக்கு வாடகை 65,000, முற்பணம் ஆறு மாதம், வட்டி 3,900. தகப்பனாரின் கோட்டை வேலைக்குக் கூடுதலாகப் போக்குவரத்து 6,000 என்று வைத்தாலும் மொத்தம் 74,900. வருடத்துக்கு வித்தியாசம் 3,78,000 ரூபாய். மகளுக்கோ பல்கலைக்கழகம் இன்னும் கிட்ட.

மலிவாகக் கிடைக்கிறது என்று மறுகோடிக்கு ஓடுவதும் இதே தவறின் மறுபக்கம்தான். அதே குடும்பம் வத்தளையில் 50,000க்கு ஒரு வீடு எடுக்கிறது என்று வையுங்கள். ஆறு மாத முற்பணத்தின் வட்டி 3,000, போக்குவரத்து 15,000; ஆக 68,000. கல்கிசையைவிட 6,900 மிச்சம். ஆனால் மகள் நகரத்தின் வடக்கு எல்லையிலிருந்து தெற்கு எல்லைவரை தினமும் கடக்க வேண்டும். நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் கூடுதலாகப் போனால், 22 நாளில் 66 மணித்தியாலம். ஒரு மணித்தியாலம் ஏறத்தாழ 105 ரூபாய்க்குப் போகிறது. ஒரு பிளேன்ரீயும் வடையும் வாங்கும் காசு. பரீட்சைக் காலத்தில் அந்த 66 மணித்தியாலத்தின் விலையை மகளிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது வீட்டையல்ல, வீட்டில் இருக்கப்போகிறவர் தினமும் போய்வரும் இடத்தை. கொழும்புப் பல்கலைக்கழகம் என்றால் வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் நியாயமான தெரிவுகளே. மாலபேயில் படிக்கும் பிள்ளையை வெள்ளவத்தையில் வைத்து இரண்டு பஸ் மாற்றி அனுப்புவதில் எந்த நியாயமும் இல்லை. கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவலை போகும் 177 பஸ் பாதையில் ஓர் இடம் பாருங்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருந்தும் சில சிகிச்சைகளுக்கு மகரகமை போக வேண்டி வருகிறவர்களில் பலரும் தங்குவது வெள்ளவத்தையில்தான். சிகிச்சை முடிந்து வாந்தியோடு காலி வீதி நெரிசலில் ஓட்டோவில் திரும்பும் நோயாளியை அருகிலிருந்து பார்த்தவர்கள் அந்தத் தெரிவை இரண்டாம் முறை செய்வதில்லை. மகரகமையிலோ நாவின்னையிலோ நுகேகொடையிலோ ஒரு மாதத்துக்கு ஓர் அறை, 138 பஸ் பாதையையும் களனிவெளி ரயில் பாதையையும் ஒட்டியே கிடைக்கக்கூடியது.

ரயில் பாதை என்றதும் ஒரு விடயம். கொழும்பில் ஓர் இடத்தின் பெறுமதியைத் தூரத்தால் அளப்பதைவிட ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை என்பதால் அளப்பது சரியாக வரும். கரையோரப் பாதையில் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை என்று நிலையங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு நிலையம் தள்ளிப் போவதால் பயணம் சில நிமிடம்தான் கூடும். வாடகை அதைவிட வேகமாக இறங்கும். 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், நிலையத்துக்கு நடந்துபோகக்கூடியவர்கள் வேலைக்குப் போனார்கள். காரை நம்பி உட்புறத்தில் வீடெடுத்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

தெஹிவளையை நீங்கள் வெள்ளவத்தையின் வால் என்று நினைக்கிறீர்கள். இடையிலுள்ள கால்வாயைத் தாண்டினால் மாநகர சபை மாறுகிறது, அஞ்சல் முகவரியில் கொழும்பு 6 என்ற பெயர் போய்விடுகிறது. மற்றபடி காலி வீதியும் பஸ்ஸும் கடலும் அவையேதான். தமிழும் காதில் விழும். நெடுமாலில் விஷ்ணு கோயில் இருக்கிறது. வெள்ளவத்தைச் சந்தைக்கு வாரத்தில் ஒருநாள் பஸ்ஸில் வந்து சாமான் வாங்கிப் போவது பெரிய பாடல்ல. சிறு முற்றத்தோடு தனி வீடு கிடைக்கும் வாய்ப்பும் அங்கே கூட. வளவும் வேம்பும் கண்டு வளர்ந்த முதியவர்களுக்கு ஐந்தாம் மாடியில் அடைபட்டுக் கிடப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பதைப் பிள்ளைகள் காலம் கடந்தே உணர்கிறார்கள். கால்வாயோரத் தாழ்வான ஒழுங்கைகளில் மட்டும் மழைக்குத் தண்ணீர் நிற்கும். அதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை என்றதும் உங்களில் பலர் முகம் சுளிப்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். துறைமுக லொறி, நெரிசல், பழைய கட்டடம் என்று காரணம் சொல்வீர்கள், அவை உண்மை. சொல்லாத காரணம் அங்கே வாழும் தமிழர் “எங்கட ஆக்கள்” இல்லை என்பது. இந்தப் பெருமைக்கும் மாதாமாதம் வாடகை கட்டுகிறீர்கள். பொன்னம்பல முதலியார் நிறுவி, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் அங்கேதான் இருக்கிறது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், விவேகானந்தாக் கல்லூரி, நல்லாயன் மகளிர் பாடசாலை, புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி எல்லாம் சுற்றுவட்டத்தில். புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் வியாபாரமோ வேலையோ உள்ளவருக்கு, கடையைப் பூட்டிவிட்டு நடந்தே வீடு வந்து சேரலாம். தமிழ் வெள்ளவத்தையைவிடக் குறைவில்லை. ரயில் மட்டும் கிட்ட இல்லை. கோட்டைக்கோ மருதானைக்கோ போக வேண்டும்.

வத்தளையும் ஹெந்தளையும் வடக்குப் பக்கமாக வேலை உள்ளவருக்கும், அடிக்கடி விமான நிலையம் போய்வருகிறவருக்கும் உகந்தவை. தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் நகருக்குள் வர களனி கங்கையைக் கடக்க வேண்டும். பாலத்தடி நெரிசலே அந்த இடத்தின் உண்மையான வாடகை. களனிக் கரையின் தாழ்நிலத்தை எந்தப் பக்கமாக இருந்தாலும் அவதானமாகப் பாருங்கள். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நீரில் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனி மீண்டும் கரை கடந்தது. வெள்ளம் வடிந்த சுவரில் கோடு இருக்கும். புதுப்பூச்சு அடித்த வீட்டில் அந்தக் கோடு தெரியாது. பக்கத்து மதிலில் தெரியும்.

ஊரில் கிணற்றுத் தண்ணீரைச் சுவைத்த அதே கவனத்தோடு இங்கேயும் வீடு பார்க்கலாம். பகல் பதினொரு மணிக்குத் தரகர் காட்டும் வீடும், மாலை ஆறு மணிக்கு நீங்களே போய்ப் பார்க்கும் வீடும் ஒன்றல்ல. மேல்மாடியில் குழாயைத் திறந்து தண்ணீர் எந்த வேகத்தில் வருகிறது என்று பாருங்கள். கடலோர வீடென்றால் யன்னல் கம்பியையும் வாயு சீராக்கியின் வெளிப்பெட்டியையும் பாருங்கள்; உப்புக்காற்று தின்ற துரு, அடுத்த வருடத் திருத்தச் செலவைச் சொல்லும். அங்கே ரயிலும் கடலும் ஒரே பக்கம் என்பதால், கடல் தெரியும் அறையில் ரயில் சத்தமும் சேர்ந்தே வாடகைக்கு வரும்.

விலைக்கு வாங்குவதானால் விசாரணை இன்னும் ஆழமாக இருக்க வேண்டும். தேசவழமையில் கேட்கும் பங்காளி கேள்விகளுக்கு இங்கே இடமில்லை. கேட்க வேண்டியவை வேறு. மாடிக் குடியிருப்புகளை ஆள்வது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம். கூட்டாதனத் திட்டப்படம் காணிப் பதிவகத்தில் பதிவாகியிருக்கிறதா, மாநகர சபையின் இணக்கச் சான்றிதழ் உண்டா, வாகனத் தரிப்பிடம் உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா அல்லது வாய்வார்த்தையா, முந்திய உரிமையாளர் பராமரிப்புப் பணத்தில் பாக்கி வைத்திருக்கிறாரா என்பவற்றை உங்கள் சொந்த நொத்தாரிசு பார்க்க வேண்டும். விற்பவர் கொண்டுவரும் நொத்தாரிசு விற்பவருடையவர். முத்திரை வரி முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் என்பதையும் விலையோடு சேருங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளையின் பெயரில் எழுதப் போகிறீர்கள் என்றால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு விலக்கு இருக்கிறது. முற்பணம் கைமாறிய பிறகு இதை அறிவது பயனில்லை.

மொழியும் பயமும் மிஞ்சி நிற்கின்றன. சிங்களம் தெரியாத குடும்பம் தமிழ் கேட்கும் இடத்தை நாடுவது இயல்பு. நடந்தவற்றை மறந்துவிடுங்கள் என்று கேட்கும் உரிமையும் யாருக்கும் இல்லை. ஆயினும் தமிழ் கேட்கும் இடம் கொழும்பில் ஒன்று மட்டுமல்ல. பயம் எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டிய காலம் இது. பயத்துக்காகக் கட்டும் பணத்தில் ஒரு பொருள் இருக்கிறது. பழக்கத்துக்காகக் கட்டுவதில் லாபம் வீட்டுக்காரருக்கு மட்டும்தான்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை வீடு தேடும்போது தரகரிடம் வெள்ளவத்தையோடு இன்னும் இரண்டு இடங்களின் பெயரைச் சொல்லுங்கள். மூன்று இடத்துக்கும் வாடகை, முற்பண வட்டி, மின்சாரம், பராமரிப்பு, பயணக் காசு, பயண நேரம் என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். அந்த வீட்டில் இருக்கப்போகும் பிள்ளையை, நோயாளியை, அம்மம்மாவை அழைத்துக்கொண்டு மழை பெய்யும் ஒரு மாலையில் போங்கள். ஊரில் ஒரு பரப்பு விற்பதற்கு முன், ஒரு சங்கிலி அடகுக்குப் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஏற்கனவே அங்கே குடியிருப்பவர்கள், ஊரிலிருந்து யாராவது கேட்டால் உண்மையான வாடகையைச் சொல்லுங்கள். கௌரவத்துக்குக் கூட்டியோ, கண்ணூறுக்குப் பயந்து குறைத்தோ சொன்னால், அடுத்த குடும்பம் அந்தத் தொகையை நம்பித்தான் பேரம் பேசப் போகும்.